அறிவுச்சுடரும் அப்பாவியும்

உலகத்துக்கு வழிகாட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தேன்.

"இந்தாம்மா, நான் இணையத்துல எழுதப் போறேன். பக்கத்துக்குப் பேரு 'இல்லறக் களஞ்சியம்'. வீட்டை எப்படி நடத்தணும்னு உலகத்துக்குச் சொல்லித் தரப் போறேன்."

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யார் வீட்டை?" என்றாள்.

"பொதுவா, வீட்டை."

"அந்தப் பொதுவான வீட்டுல சமையலறைக் குழாய் ஒழுகுமா?"

"குழாய் விஷயம் நீ போன வருஷமே சொன்னது. மறக்கலை. பரிசீலனையில இருக்கு. ஆவன செய்யப்படும்."

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் நான் குறைதீர்ப்புப் பிரிவு. மிக்ஸி சுற்றவில்லை, அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை, சூடாகக் கூடாத ஃபிரிட்ஜ் சூடாகிறது என்று கடிதம் வரும். "தங்கள் புகார் கிடைத்தது. ஆவன செய்யப்படும்" என்று பதில் போடுவது என் வேலை. ஆவன செய்வது வேறு பிரிவு. அந்தப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று இத்தனை வருஷ சர்வீசில் எனக்குத் தெரியாது. ஆனால் என் பதில்களில் ஒரு எழுத்துப்பிழை காட்டட்டும் பார்க்கலாம்!

"எழுதுறது சரி, எங்க உக்காந்து எழுதுவீங்க?" என்றாள்.

"சின்ன ரூம்லதான்."

மடித்த துணி அப்படியே நின்றது.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை. ஜன்னல் மட்டும் பெரிசு. காலை முதல் சாயங்காலம் வரை வெளிச்சம் கொட்டும். அந்த அறை தன் தையல் மிஷினுக்கு வேண்டும் என்று அவள் கேட்டு வருஷமாகிறது. மிஷின் அப்போது குளியலறைக்கு எதிரே, நடையில், மூலையில் இருந்தது. குளித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் அதன்மேல் ஈரத் துண்டைப் போடுவார்கள். எல்லாரும் என்றால் நான்.

"ஸ்கூல்ல யூனிபார்ம் தைக்க ஆர்டர் தர்றேன்னு சொல்லியிருக்காங்க," என்றாள். "அடுத்த மாசம் துணி வந்துடும். நடையில உக்காந்து தைச்சா ஊசி எங்கே, விரல் எங்கேன்னே தெரியல. நான் முன்னாடியே கேட்டேன்ல அந்த ரூமை?"

"நீ கேட்டது பரிசீலனையில..."

"என்னங்க, உங்க களஞ்சியத்தை ஒரு நாளைக்கு எத்தனை பேர் படிப்பாங்க?"

"நூறு பேர்!" என்றேன். வாயிருக்கிறதே என்று சொன்னதுதான்.

"சரி. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு நாள் நூறு பேர் படிச்சுட்டா, ரூம் உங்களுக்கு. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா மிஷினுக்கு. சம்மதமா?"

என் மனைவி வாயே திறக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்ததால் மற்றதைச் சரியாகக் கவனிக்கவில்லை. சம்மதம் என்றேன். அன்றைக்கே சின்ன அறையில் மேசை போட்டு, மேசைமேல் கம்ப்யூட்டர் வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் என்னை வைத்தேன்.

முதல் வாரத்தில் ஐந்து கட்டுரை எழுதினேன். 'சிக்கனமே செல்வம்', 'சுத்தமே சுகம்' இப்படி. வந்தவர் எத்தனை பேர் என்று காட்டும் எண் கீழே இருக்கும். தினமும் மூன்று. வீட்டிலிருந்து பார்க்கும் நான், ஆபீசிலிருந்து பார்க்கும் நான், எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர். அவரும் நான் வாசலில் நின்று போனைப் பிடுங்கித் திறந்து காட்டியதால்தான்.

அவர்தான் வழி சொன்னார். ஊரில் யாருக்கு எது வேண்டுமானாலும் வழி சொல்லுவார். கடைசியில் பாலிசி ஃபாரத்தை நீட்டுவார் என்பது ஒன்றுதான் குறை.

"சார், கடையைத் திறந்து வெச்சுட்டு உள்ள உக்காந்திருந்தா யார் வருவா? கூட்டம் இருக்கிற இடத்துக்கு நீங்க போகணும். கேள்வி-பதில் தளம்னு இருக்கு, பார்த்திருக்கீங்களா? ஜனங்க அங்க வந்து கேள்வி கேப்பாங்க. யாருக்குத் தெரியுமோ அவங்க பதில் சொல்லலாம்."

"தெரியாதவங்க?"

"அவங்கதான் சார் நிறைய சொல்றாங்க. நீங்க பதில் எழுதி, அடியில 'மேலும் அறிய'ன்னு உங்க பக்கத்தோட லிங்க்கைப் போட்டுடுங்க. படிக்கிறவன் அப்படியே வழுக்கிக்கிட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து விழுவான்."

பதில் எழுதுவதா! அது என் ரத்தத்தில் ஊறியதாயிற்றே. 'அறிவுச்சுடர்' என்ற பேரில் உள்ளே புகுந்தேன். கண்ணில் பட்ட கேள்விக்கெல்லாம் பதில். "என் நாய் சாப்பிட மறுக்கிறது, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "சுத்தமே சுகம். மேலும் அறிய இங்கே அழுத்தவும்" என்று போட்டேன். "விமானம் எப்படிப் பறக்கிறது?" என்று ஒரு மாணவி. "சிக்கனமே செல்வம். மேலும் அறிய இங்கே அழுத்தவும்."

யாரும் அழுத்தவில்லை. என்னைத்தான் அழுத்தினார்கள். விளம்பரக்காரன், வெட்டி ஆள் என்று கீழே வசவு.

சரி, நம் கேள்வியை நாமே கேட்டுக்கொள்வோம் என்று 'ஏங்கும் உள்ளம்' என்று இன்னொரு பேரில் நுழைந்து, "இல்லறம் பற்றி நல்ல கட்டுரைகள் எங்கே கிடைக்கும்?" என்று உருக்கமாகக் கேட்டேன். அறிவுச்சுடராக மாறி பதில் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். நன்றி சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று, பேரை மாற்ற மறந்து, "அடடா, அறிவுச்சுடர் ஐயா! தங்கள் பதிலைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். இப்படிக்கு, அறிவுச்சுடர்" என்று போட்டுவிட்டேன். ஊரே சிரித்தது. தளத்தை நடத்துகிறவர்களிடமிருந்து ஓலை வந்தது: சொந்த அனுபவத்திலிருந்து, படத்தோடு, உருப்படியாக எழுதினால் இருக்கலாம், இன்னொரு வெறும் விளம்பரம் போட்டால் வெளியே.

"என்னங்க, முகம் தொங்கிப் போச்சு? எத்தனை பேரு இன்னைக்கு?" என்றாள் மனைவி.

"வளர்ந்துட்டு வருது."

"மூணா?"

"மூணுக்குக் கீழ போகலை பாரு, அதுதான் ஸ்திரம்."

அவள் போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள்தான் 'அப்பாவி' வந்தான்.

அப்பாவி என்பது அவன் வைத்துக்கொண்ட பேர். மேலே என் பேரைக் குறிப்பிட்டே கேட்டிருந்தான். "மதிப்பிற்குரிய அறிவுச்சுடர் ஐயா, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நானே சரி செய்வது எப்படி? தங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை."

யார் பெற்ற பிள்ளையோ! கல்யாணமாகாத பையனாக இருக்கும், அறையில் தனியாக ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'ஆவன செய்யப்படும்' என்று எழுத விரல் தானாகப் போனது. தடுத்தேன். சொந்த அனுபவம் வேண்டுமே, படம் வேண்டுமே! அனுபவத்துக்கு எங்கே போவது?

டொக், டொக் என்று சமையலறையில் சத்தம் கேட்டது.

பாய்ந்து போனேன். ஸ்பேனரோடு குழாயடியில் உட்கார்ந்தேன்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? வேண்டாங்க!" என்று மனைவி ஓடி வந்தாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம்? அது பாட்டுக்கு ஒழுகட்டும்!"

"ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிக்காதே! போய் என் போனைக் கொண்டா. இந்தப் பக்கமா நின்னு படம் எடு. வாஷர் தெரியணும்."

"எனக்குப் பயமா இருக்குங்க."

"பயந்தா அந்தப் பக்கம் போயிடு!"

பழைய வாஷரைக் கழற்றும்போது முகத்தில் அடித்த தண்ணீரில் பாதியைக் குடித்தேன், மீதியில் குளித்தேன். கடைக்குப் போய்ப் புது வாஷர் வாங்கி வந்து மாட்டினேன். ஒழுகல் நின்றது! ஒன்பது படத்தோடு பதில் போட்டேன். அன்றைக்கு என் பக்கத்துக்கு வந்தவர் பதினொரு பேர். பேரின்பம்.

அரை மணியில் அப்பாவி எழுதினான். "ஐயா, தாங்கள் தெய்வம். ஒரு சந்தேகம். வேலை முடிந்ததும் தரையில் நிற்கும் தண்ணீரை யார் துடைக்க வேண்டும்? படத்தில் அது இல்லையே."

நியாயமான கேள்வி. துடைத்தேன். படம் எடுத்தேன். போட்டேன்.

அதற்கப்புறம் அவன் கேள்வியும் என் ஆராய்ச்சியும் நிற்கவே இல்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு, போக்குவது எப்படி? பரணில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, இறக்கி ஒழுங்குபடுத்துவது எப்படி? பீரோக் கதவு கிறீச்சிடுகிறது, அடக்குவது எப்படி? ஒவ்வொன்றும் என் வீட்டிலேயே தயாராக இருந்தது பாருங்கள், அதை என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். வேறு எழுத்தாளனாக இருந்தால் பிசுக்குப் பிடித்த ஃபேனைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும். மனைவி மட்டும் ஒவ்வொரு தடவையும் கையைப் பிசைந்துகொண்டு, "வேண்டாங்க, ஏணியில ஏறாதீங்க, நீங்க எழுதுறவரு" என்பாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு படி ஏறத் தோன்றும்.

ஏணி இன்சூரன்ஸ்காரருடையது. அதைத் திருப்பிக் கேட்க வந்தவர் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பில்லை. பாலிசி ஃபாரமும் இல்லை.

"சார், நீங்க செய்யுறது நல்லாவே இல்லை."

"என்ன ஆச்சு?"

"உங்க எக்ஸாஸ்ட் ஃபேன் பதிலை என் வீட்டம்மா படிச்சுட்டா. 'எதிர்வீட்டு அண்ணன் செய்யலையா? நீங்க மட்டும் என்ன?'ங்கிறா. ரெண்டு நாளா சோடா உப்பும் பழைய டூத் பிரஷ்ஷுமா நிக்கிறேன். நானே உங்களுக்கு வழி சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"புகழ்னா அப்படித்தான் சார், அக்கம்பக்கத்தையும் பாதிக்கும்."

"கதவுக்கு எண்ணெய் போடுறதோட நிறுத்திக்குங்க சார். கும்பிட்டுக் கேட்டுக்கறேன்!" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாசக் கடைசி நெருங்கியது. எண் எழுபதுகளில் நின்று முரண்டு பிடித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அறை கைவிட்டுப் போய்விடும் போலிருந்தது. அந்த ஜன்னலும் வெளிச்சமும் எனக்குப் பழகிவிட்டிருந்தன. நிஜத்தைச் சொல்கிறேன், மனசு கனத்தது. அதைவிட, தோற்றுப்போனால் அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

அப்போது கேட்டான் அப்பாவி. "ஐயா, வீட்டில் தையல் மிஷினை எங்கே, எப்படிப் போட வேண்டும்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்? தாங்கள் படத்தோடு விளக்கினால் பலர் கண் பிழைக்கும்."

கீழே பார்த்தேன். எனக்கும் இதே பிரச்சினை, எனக்கும் இதே பிரச்சினை என்று நாற்பது பேருக்கு மேல் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதும் எழுபதும் எத்தனை? குதித்தேன்!

"ஏம்மா, தையல் மிஷினுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் வரணும்?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான் அறிவுச்சுடர். நான் இருட்டுல தைக்கிறவ."

சொந்த அனுபவம்தானே வேண்டும்? நடையில் போய் அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். என் ஈரத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன். நூல் இருக்கிறது, ஊசி இருக்கிறது, துளையைக் காணோம். கண்ணைச் சுருக்கி, நாக்கைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கடைசியில் விரலில் குத்திக்கொண்டேன். சுருக்கென்றது. விரலில் மட்டும் இல்லை. இதிலேயா இவள் இத்தனை நாள் தைத்தாள் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மறு நிமிஷம் இது கட்டுரைக்கு நல்ல ஆரம்பம் என்று தோன்றியது.

படம் எடுக்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இருக்கிற இடம் சின்ன அறை ஒன்றுதான். ஒரே ஒரு படம்தானே, எடுத்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்று என் மேசையை வெளியே இழுத்தேன், மிஷினை உள்ளே நகர்த்தினேன்.

"ஐயோ, வேண்டாங்க! உங்க ரூம்ல போயி!" என்றாள்.

"நகரு, நகரு! அறிவுக்கு முன்னால ரூம் என்ன பெரிசு?"

ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி மிஷினைப் போட்டேன். வலக்கையின் நிழல் ஊசிமேல் விழாது. மிஷின் அதிராமலிருக்க அடியில் கனமான மிதியடி. உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில், சுவரில் துளை போட்டு, நூல்கண்டு வைக்கத் தட்டு. துணி வெட்ட ஒரு பலகை. கத்தரிக்கோலுக்கு ஓர் ஆணி. பார்க்கப் பார்க்க எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது. பதிலை எழுதும்போது சாமி வந்த மாதிரி விரல் ஓடியது. முடிவில் இப்படி முழங்கினேன்: "வெளிச்சமுள்ள அறையைத் தனக்கு வைத்துக்கொண்டு, தையல் மிஷினை இருட்டில் தள்ளுகிறவன் மனிதனே அல்லன். என் வீட்டில் நான் செய்திருப்பதைப் படத்தில் காண்க!"

வெள்ளம்! மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் நூற்று நாற்பத்திரண்டு பேர். மாசத்தின் கடைசி நாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்ன அறைக்கு ஓடினேன். பள்ளிக்கூடத் துணிக்கட்டு ஒரு நாள் முன்னதாகவே வந்து பிரித்தாகிவிட்டிருந்தது. மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன்! நூறைத் தாண்டியாச்சு! ரூம் என்னுது!"

போனை வாங்கிப் பார்த்தாள். "ஆமாங்க, ஜெயிச்சுட்டீங்க. பந்தயம்னா பந்தயம்தான். எடுத்துக்குங்க," என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தன் போனில் ஏதோ ரெண்டு தட்டு தட்டி மிஷின்மேல் வைத்தாள்.

என் போன் சிணுங்கியது. அப்பாவி. "ஐயா, ஒரே ஒரு சந்தேகம். படத்தில் உள்ள அறை நிரந்தரமா? அல்லது படம் எடுக்க மட்டும் அப்படி வைத்தீர்களா?"

அவனுக்குக் கீழே ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள். ஆமாம் ஐயா, சொல்லுங்கள் ஐயா. நானும் அதையேதான் கேட்க நினைத்தேன் ஐயா. வரிசையில் கடைசியாக எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரரின் வீட்டம்மா: "எங்கள் எதிர்வீடுதான். இப்போதே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் சொல்கிறேன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

படம் எடுக்க மட்டும்தான் என்றால் நூற்று நாற்பத்திரண்டு பேர் முன்னால் மனிதனே அல்லன். அதுவும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தது. வேறு வழி? "நிரந்தரம்" என்று தட்டி அனுப்பினேன்.

மிஷின்மேல் இருந்த அவள் போன், டிங் என்றது.

அதைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். அவள் நூல்கண்டைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! நீயா அப்பாவி?"

"பின்னே என்னங்க? குழாயைப் பத்தி வாயால வருஷம் பூரா சொன்னேன், பரிசீலனையில இருந்துச்சு. 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு எழுதிக் கேட்டேன், ஒரே நாள்ல முடிஞ்சுது."

"அப்ப அந்த நூத்தி நாப்பத்திரண்டு பேரும்..."

"ஐயோ, அவங்க நிஜமானவங்கங்க. நீங்க நிஜமாவே நல்லாத்தான் எழுதுறீங்க. நான் எல்லாத்தையும் படிச்சேன்," என்றாள். சொன்ன விதத்தில் எனக்குக் கோபம்கூட உருப்படியாக வரவில்லை. வாசலில் எதிர்வீட்டம்மாவை "வாங்க, வாங்க, இவர்தான் எல்லாம் பண்ணாரு" என்று வரவேற்று, தட்டையும் ஆணியையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்தம்மா தெருப் பக்கம் திரும்பி, "என்னங்க, அந்த ஏணியை எடுத்துக்கிட்டு இங்க வாங்க!" என்று தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

என் மேசை நடையில், குளியலறைக்கு எதிரே, மூலையில் கிடந்தது. போய் உட்கார்ந்தேன். எழுத்து எங்கே, விரல் எங்கே என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர்மேல் ஈரத் துண்டு ஒன்று கிடந்தது.

"இந்தாம்மா!" என்று குரல் கொடுத்தேன். "இங்க ஒரே இருட்டா இருக்கு. ஒரு பல்பாவது போடக் கூடாதா?"

சின்ன அறையில் மிஷின் ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. அதற்கு மேலாக அவள் குரல் வந்தது:

"தங்கள் புகார் கிடைத்தது. ஆவன செய்யப்படும்."